நாயோடு ஆர்வியில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்க: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

வசந்த காலத்தில் ஒரு ஆர்வியை, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறையோடு வரும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்து, நாயையும் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கே போகலாம் என்று ஆசை வந்துவிட்டதா? நல்லது. இந்தப் பயணத்துக்கு அட்டவணை போடுவது நாய்தான் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அது எங்கே நடக்கலாம், எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், எந்த வெயிலைத் தாங்கும் என்பதை முடிவு செய்தபிறகு வரைபடத்தை விரித்தால் போதும்.

படி 1: பாதையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஐ-40 நெடுஞ்சாலை. வட கரோலினாவின் வில்மிங்டனையும் கலிபோர்னியாவின் பார்ஸ்டோவையும் இணைக்கிறது. 2,550 மைலுக்குச் சற்று மேல். வடக்கே ஐ-70, ஐ-80 இரண்டிலும் ஏப்ரலில்கூட மலைப்பகுதியில் பனி விழும். தெற்கே ஐ-10 வழியாகப் போனால், அரிசோனாவில் மே மாதத்துத் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். ஏப்ரலில் கிளம்பினால் நடுவில் ஓடும் ஐ-40 ஓரளவு சமாளிக்கக்கூடியது.

ஆர்விக்காரர்கள் 'மூன்று-மூன்று-மூன்று' என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் சேர்ந்துவிடு, ஒரு இடத்தில் 3 இரவு தங்கு. நாய் இருந்தால் 300 மைலே அதிகம் என்பது என் கட்சி. 200, 250 போதும். போக மட்டும் மூன்று வாரம் ஒதுக்க முடியாவிட்டால் பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கிளம்பும் முன் வட கரோலினா–டென்னசி எல்லையில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அங்கே ஐ-40இன் ஒரு பகுதியையே ஆற்றோடு அடித்துப் போய்விட்டது. 2025 மார்ச்சில் திறந்தபோதும் பக்கத்துக்கு ஒரு தடம்தான்.

படி 2: நாய் நடக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

புதிதாகப் போகிறவர்களில் பலர் ஏமாறும் இடம் இது. தேசியப் பூங்கா என்றால் நாய்க்குக் கொண்டாட்டம் என்று நினைப்போம். பெரும்பாலான பூங்காக்களில் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. வண்டி நிறுத்துமிடம், கேம்ப்கிரவுண்ட் (ஆர்வியோ கூடாரமோ போட்டு இரவு தங்கும் இடம்), சாலையோரம், அவ்வளவுதான். கயிறும் 6 அடிக்கு மேல் நீளக்கூடாது. உங்கள் வழியில் வரும் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் கேட்லின்பர்க் பாதை, ஓகோனலஃப்டி ஆற்றுப் பாதை என்ற இரண்டு குட்டிப் பாதைகளில் மட்டும் நாயை நடத்தலாம்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு பரவாயில்லை. விளிம்போரப் பாதையில் நாயோடு நடக்கலாம், கீழே இறங்கக்கூடாது, இலவசப் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள். நீங்கள் கீழே இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கேயே நாய்க் காப்பகம் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், முன்பதிவும் தேவை.

நாய்க்குப் பிடித்த பூங்கா என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்டைத்தான் காட்டுவேன். ஐ-40 அதன் நடுவிலேயே ஓடுகிறது, சுற்றிப்போகத் தேவையில்லை. கல்லாகிப்போன மரத்துண்டுகளுக்கு நடுவே செல்லும் நடைபாதைகளில் நாய்க்கும் அனுமதி உண்டு. அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட எடுத்து வந்துவிடாதீர்கள், அது குற்றம். ஆர்கன்சாவில் லிட்டில் ராக்கிலிருந்து சற்று விலகிப் போனால் ஹாட் ஸ்பிரிங்ஸ் பூங்காவும் நாய்க்கு ஒத்துவரும். மத்திய அரசுக் கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன்.காவ் தளத்தில் முன்பதிவு செய்யுங்கள். தனியார் இடங்களில் சில நாய் இனங்களை ஏற்க மாட்டார்கள், ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

படி 3: வண்டி

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்குமே, அந்த 'கிளாஸ் சி' வகையில் 25 அடி வண்டி போதும். நாய்க்கு அனுமதி உண்டா, தனிக் கட்டணம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மைல் இலவசம், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் பணம் வாங்குவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டிவிடுங்கள். தாழ்வான பாலம் வரும்போது நினைவிலிருந்து தேட நேரம் இருக்காது.

படி 4: டாக்டரும் ஒத்திகையும்

ரேபிஸ் சான்று, மருத்துவக் குறிப்பு, மைக்ரோசிப்பில் இப்போதைய போன் எண், உண்ணிக்கும் இதயப் புழுவுக்கும் மருந்து. வசந்தத்தில் உண்ணியும் கொசுவும் கிளம்பும், பாலைவனப் பக்கம் பாம்பும் வெளியே வரும். வண்டி கைக்கு வந்ததும் ஒரு மாலை முழுக்க வாசலிலேயே நிறுத்தி, உள்ளே நாய்க்குச் சாப்பாடு வைத்து, ஜெனரேட்டரையும் ஓடவிட்டுப் பழக்குங்கள்.

படி 5: ஓட்டும் நாள்

நாயை மடியில் வைப்பதோ வண்டிக்குள் உலவ விடுவதோ கூடாது. சாப்பாட்டு மேசைப் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் இருக்கும்; மோதல் சோதனை செய்த ஹார்னஸை (நாயின் உடலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) அதில் மாட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். லாரிகள் நிற்கும் பெரிய நிறுத்தங்கள் பலவற்றில் நாய்களுக்கு வேலியிட்ட இடமே உண்டு. கதவைத் திறக்கும் முன் கயிறு மாட்டியாயிற்றா என்று பாருங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

புல்வெளியில் நடந்து வந்தால் நாயின் விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். ஃபாக்ஸ்டெயில் என்ற புல்லின் கதிர் அம்பு முனைபோல் ஒரே திசையில் நகரும். உள்ளே குத்திவிட்டால் தானாக வெளியே வராது. நாய் பாதத்தை விடாமல் நக்குகிறதென்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படி 6: கேம்ப்கிரவுண்டில் இறங்கியதும்

வரிசையை மாற்றாதீர்கள். வண்டியைச் சமமாக நிறுத்துங்கள். மின் இணைப்புக் கம்பத்தில் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, கேபிளைச் செருகி, பிறகு பிரேக்கரைப் போடுங்கள். அப்புறம் தண்ணீர்க் குழாய், இடையில் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியோடு.

கடைசியாகத்தான் ஸ்லைடு-அவுட். அறையின் ஒரு பக்கம் மோட்டாரில் வெளியே நகரும் இந்த வசதி, நாய் விஷயத்தில் ஆபத்தானது. திரும்ப உள்ளே இழுக்கும்போது சோஃபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கும் சந்து மெல்ல மூடும். சத்தத்துக்குப் பயந்த நாய் ஒளியத் தேடுவதும் அதே சந்தைத்தான். நாயை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும், அல்லது கூண்டில் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

வழியில் வரும் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் ஏறக்குறைய 7,000 அடி உயரம். ஏப்ரல் இரவில் அங்கே தண்ணீர் உறையும். படுக்கும் முன் குழாயைக் கழற்றிவிட்டு வண்டியின் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

படி 7: தனியாக விட்டுப் போகலாமா?

வெளியே 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது இதமான 21 செல்சியஸ்தான். ஆனாலும் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 104 பாரன்ஹீட்டைத் தொட்டுவிடும். ஆர்விக்கு ஏசி இருக்கிறதே என்பீர்கள். 30 ஆம்ப் இணைப்பு தருவது மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் வாட்டர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். கேம்ப்கிரவுண்டிலேயே மின்சாரம் போவதும் உண்டு. அதனால் செல்போன் இணைப்பில் இயங்கும் வெப்பநிலை மானி ஒன்றை உள்ளே வையுங்கள். வண்டிக்குள் சூடேறினால் உங்கள் போனுக்குத் தகவல் வரும். அதை வைத்தாலும் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வரக்கூடிய தூரம்வரைதான் போக வேண்டும். கேம்ப்கிரவுண்ட் விதியையும் கேளுங்கள், வண்டியில் நாயைத் தனியாக விட சில இடங்களில் தடை.

படி 8: புயல் வந்தால்

ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் இது டொர்னேடோ என்ற சுழல்காற்றின் பருவம். 'வாட்ச்' என்றால் வரக்கூடிய சூழல், 'வார்னிங்' என்றால் கண்ணாலோ ரேடாரிலோ பார்த்தாயிற்று. எச்சரிக்கைகள் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரைச் சொல்லித்தான் வரும். தங்கும் இடத்தின் கவுண்டி எது, புயலுக்கு ஒதுங்கும் கட்டடம் எங்கே, அதில் நாயை விடுவார்களா என்று சேர்ந்த அன்றே கேட்டுவிடுங்கள். ஆர்விக்குள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பே இல்லை. பலத்த பக்கக்காற்று வீசும் நாளில் ஓட்டவும் வேண்டாம், கூடுதலாக ஒரு இரவு தங்குங்கள்.

படி 9: தொட்டியும் ஒப்படைப்பும்

கையுறை போடுங்கள். குழாயை இறுக்கி மாட்டி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறங்கள், பிறகு குளியல், சமையல் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். தங்கும் நாட்களில் கழிவறை வால்வு மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் மட்டும் ஓடி மற்றது அடியில் இறுகிவிடும். இந்த வேலை நடக்கும்போது நாய் வண்டிக்குள்.

கலிபோர்னியா எல்லையில் நீடில்ஸ் ஊரில் விவசாயச் சோதனைச் சாவடியில் பழம், செடி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆரஞ்சை அதற்குள் தின்று தீர்த்துவிடுங்கள். வண்டியை ஒப்படைக்கும் முந்தின நாள் ஏசி வடிகட்டியைக் கழற்றி முடியைத் தட்டுங்கள், இருக்கை இடுக்குகளை வாக்யூம் செய்து படம் எடுத்து வையுங்கள். முன்பணத்தில் சுத்தம் செய்த கூலி என்று பிடித்தால் அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.