முதல் இரும்புக்கவசப் போர்க்கப்பல்களின் வரைபடத்தைப் படிப்பது எப்படி?

1860-களின் இரும்புக்கவசப் போர்க்கப்பல் ஒன்றின் வரைபடம் கிடைத்தால், கண்ணைக் கவரும் பக்கத் தோற்றத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, குறுக்குவெட்டுப் படத்திலிருந்து தொடங்குங்கள். கவசத்தின் பாரத்தை எங்கே ஏற்றுவது, அதற்காக எதைக் குறைப்பது என்று வடிவமைப்பாளர் பட்ட பாடு அங்கேதான் தெரியும்.

முதலில் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1859-இல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட 'குளுவார்' கப்பலில், அதை வடிவமைத்த துப்புயி தெ லோம் மர உடலின் மேலேயே சுமார் 12 செ.மீ. தடிமனுள்ள இரும்பைப் போர்த்தினார். மறு ஆண்டு பிரிட்டன் இறக்கிய 'வாரியர்' கப்பலுக்கு உடலே இரும்புதான். ஆனாலும் அதன் 4.5 அங்குலத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு இருக்கும். குண்டு மோதும் அதிர்ச்சியை மரம் வாங்கிக்கொள்ளாவிட்டால் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெறித்துவிடும். அதே கப்பலை நீளவாக்கில் பார்த்தால் கவசம் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது; சுக்கான் இருக்கும் பின்பகுதிக்குக்கூடக் கவசம் இல்லை. எடை கூடிவிடுமே என்ற கவலை செய்த வேலை அது.

அடுத்து சுவரின் சாய்வு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், எரிந்துபோன 'மெரிமாக்' கப்பலின் அடிப்பாகத்தின் மீது தென்மாநிலங்கள் எழுப்பிய 'வர்ஜீனியா'வில், குண்டு வழுக்கிப் போகும்படி கவசச் சுவரைச் சாய்த்தே அமைத்திருந்தார்கள்.

பிறகு நீர்மட்டக் கோட்டுக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கவசம் போர்த்த வேண்டிய பரப்பையே குறைத்துவிட்டால் என்ன என்று யோசித்த பொறியாளர் ஜான் எரிக்சன், 1862-இல் அதே போரில் வடமாநிலங்களுக்காகக் கட்டிய 'மானிட்டர்' கப்பலின் மேல்தளத்தை நீருக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை அடிக்குத் தாழ்த்தினார். 20 அடி உள்விட்டமுள்ள ஒரே சுழல் கோபுரத்தில் இரண்டு பீரங்கிகளை வைத்து, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத் தடிமனுள்ள எட்டு அடுக்குத் தகடுகளால் அதைக் காத்தார். ஆனால் அவ்வளவு தாழ்ந்த கப்பல் திறந்த கடலுக்கு ஏற்றதல்ல. அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் புயலில் அது மூழ்கியது.

தாழ்ந்த தளம், கனத்த சுழல் கோபுரங்கள், உயர்ந்த பாய்மரங்கள் மூன்றும் ஒரே படத்தில் தென்பட்டால் எச்சரிக்கையாகுங்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கூப்பர் கோல்ஸ் வடிவமைத்த 'கேப்டன்' என்ற கப்பல் 1870 செப்டம்பரில் கவிழ்ந்தபோது அவரும் அதில் இருந்து உயிரிழந்தார். நீருக்கு மேல் அதன் தளத்தின் உயரம் வரைபடத்தில் 8 அடி என்றிருந்தாலும், கட்டி முடித்தபோது சுமார் 6.5 அடிதான் இருந்தது. ஆகவே படத்தில் உள்ள அளவோடு, கப்பல் மிதந்தபின் எடுத்த அளவையும் தேடி ஒப்பிடுங்கள்.