மேடில்லாத ஊரில் சைக்கிள் ரேஸ்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு தொடக்கம்

திருச்சியைத் தாண்டிக் கிழக்கே வந்தால் நாகப்பட்டினம் கடற்கரை வரைக்கும் மேடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் எதுவும் இல்லை. அதனாலேயே ரேஸில் இறங்க ஆசைப்படும் நம் பக்கத்துப் பையன்கள் பலர், "ரோடு சமமாத்தானே இருக்கு, கால்ல பலம் இருந்தா போதும்" என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு. சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டால் உங்கள் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். காற்றே வீசாத நாளில்கூட, வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகிறது. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு ஓட்டினால் அந்த வேலையில் கணிசமான பங்கு மிச்சம். ஆகவே டெல்டாவில் ரேஸ் பழகுவது என்றால் முதலில் கூட்டத்தோடு ஓட்டப் பழகுவது. மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: எந்தப் பந்தயம்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல வாசல் அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று தனித்தனிப் பிரிவு. தூரம் 10 முதல் 20 கி.மீ. வரை. சாதாரண சைக்கிள் போதும் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

பெரியவர்களுக்குக் கிளப் பந்தயங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. டைம் டிரையலில் ஒவ்வொருவராக, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டக் கூடாது, கடிகாரத்தோடுதான் போட்டி. மாஸ் ஸ்டார்ட்டில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, முதலில் கோட்டைத் தொடுபவர் ஜெயிக்கிறார். முதல் பந்தயம் டைம் டிரையலாக இருப்பது நல்லது என்பது என் எண்ணம். விழுகிற பயம் குறைவு, உங்கள் அளவும் தெரிந்துவிடும். ஆனால் ருசி இருப்பது மாஸ் ஸ்டார்ட்டில்தான். இந்தப் பதிவும் அதற்காகத்தான்.

13.5 மணி நேரத்துக்குள் 200 கி.மீ. முடிக்கும் பிஆர்எம் பயணங்களைச் சிலர் ரேஸ் என்று நினைக்கிறார்கள். அது நீண்ட தூர ஓட்டம். அதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது.

படி 2: சைக்கிள்

கார்பன் ஃபிரேம் வேண்டாம். அளவு சரியாக அமைந்த அலுமினிய ரோடு பைக், பழையதானாலும் போதும். வளைந்த ஹேண்டில், இரண்டு பக்கமும் வேலை செய்யும் பிரேக், 700×28 டயர். 25 மி.மீ. டயர் வேகம் என்று கடையில் சொல்வார்கள். நம் கிளைச் சாலைகளுக்கு 28தான் சரி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஆரம்பித்து, முன் டயரில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கல்லாட்டம் காற்றடித்து வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து சேரும்.

சீட் உயரம் பார்க்க எளிய வழி: சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் முழுதாக நீண்டால் சரி. பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானாகக் கிடைத்துவிடும்.

ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹேண்டில் முனைகளில் மூடி கட்டாயம்; திறந்த குழாய் முனை விழும்போது உடம்பில் ஏறிவிடும். முழங்கையை ஊன்றிக்கொள்ளும் ஏரோ பார் மாஸ் ஸ்டார்ட்டில் அனுமதி இல்லை. ஹெல்மெட் இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கே விடமாட்டார்கள்.

இன்னொன்று. ரோடு பைக் டியூபில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். ஊர்ப்புற சைக்கிள் கடைப் பம்பு அதில் சேராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பையில் எப்போதும் போட்டு வையுங்கள். கூடவே மாற்று டியூப் இரண்டு, டயர் லீவர், கைப்பம்பு. சீமைக் கருவேல முள் இருக்கிற சீமையில் ஒரு டியூபை நம்பிக் கிளம்பக் கூடாது.

படி 3: ரோடும் காற்றும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேலைக்காற்று திருச்சி, தஞ்சாவூர் பக்கம் பலமாக அடிக்கும். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, உங்கள் சராசரி வேகம் பறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்குக்கு மாறிவிடுகிறது. கடலோரத்தில் மதியம் நெருங்க நெருங்கக் கடல்காற்று வேறு.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகும் சாலை கிழக்கு நோக்கியது. ஆடியில் அந்தப் பக்கம் போகும்போது பின்காற்று தள்ளிவிடும், "நாம் இவ்வளவு வேகமா!" என்று தோன்றும். திரும்பும்போது தெரியும் சேதி. பயிற்சிக்கு எப்போதும் எதிர்காற்றில் கிளம்பி, பின்காற்றில் வீடு திரும்புங்கள். ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை போகும் சாலை தெற்கே போகிறது. அங்கே மேலைக்காற்று பக்கவாட்டில் அறையும். நாகையிலிருந்து வேளாங்கண்ணி போகும் கடலோரச் சாலையில் கடல்காற்று அதே வேலையைச் செய்யும். பக்கக்காற்று பழக இந்த இரண்டும் நல்ல இடம்.

ஏற்றத்துக்கு ஏங்குபவர்கள் வல்லம் மேட்டுக்குப் போகலாம். அல்லது தஞ்சாவூர் – திருவையாறு சாலை: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். அதிகாலையில் ஒவ்வொரு பாலத்து ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதித்தால் அதுவே ஒரு பயிற்சி.

தை, மாசியில் சம்பா அறுவடை. குறுவை என்றால் புரட்டாசி வாக்கில். நெல்லைச் சாலையில் காயப்போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள். நெல் அள்ளிய பிறகும் கல் கிடக்கும், இருட்டில் தெரியாது. பனியில் நனைந்த வைக்கோலும், அறுவடை வண்டிச் சக்கரத்திலிருந்து விழுந்த களிமண்ணும் டயரை வழுக்கிவிடும். நெல் மேல் ஏற்றாமல் விலகிப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிச் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் அதிகம். அந்த நாட்களில் வேறு பக்கம் போய்விடுங்கள்.

படி 4: வீல் பிடிப்பது

வீல் பிடிப்பது என்றால் முன்னவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டி ஓட்டுவது. இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பாதி போக வேண்டும். இரண்டு பேர் போதும். ஆளில்லாத நேரான சாலையில் ஆரம்பியுங்கள். முன்னவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் முதல் வாரம் ஒரு மீட்டர் இடைவெளி. நடுக்கம் போனபின் மெல்ல அரை மீட்டருக்கு வாருங்கள். அதற்கும் குறைவாக இப்போதைக்கு வேண்டாம்.

கண் எங்கே இருக்க வேண்டும்? முன்னவர் டயரில் இல்லை. டயரையே வெறித்தால் அது அசையும்போதெல்லாம் நீங்களும் அசைவீர்கள். அவர் இடுப்பு, தோள், அதற்கும் முன்னால் சாலை என்று பார்வை போக வேண்டும். பிரேக்கைத் தொடாதீர்கள். நெருங்கிவிட்டால் மிதிப்பதை ஒரு நொடி நிறுத்துங்கள், அல்லது உடம்பைச் சற்று நிமிர்த்திக் காற்று வாங்குங்கள்; வேகம் குறையும். நீங்கள் பிரேக் பிடித்தால் உங்களுக்குப் பின்னால் வருகிற பத்துப் பேரும் பிடிக்க வேண்டியிருக்கும்.

மறக்கவே கூடாதது: உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காக விலகினால் இரண்டு டயரும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்.

முன்னால் போகும் முறை வந்ததும் சட்டென்று வேகம் ஏற்றுவது புதியவர்களின் வழக்கம். ஏற்றாதீர்கள். மீட்டரில் இருக்கும் அதே வேகத்தில் அரை நிமிடம் இழுத்து, முழங்கையால் சைகை காட்டிக் காற்று வருகிற பக்கமாக விலகுங்கள். வரிசை உங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, கடைசி ஆள் தோளுக்கு வந்ததும் மெல்ல ஏற்றினால் அவர் பின்னால் சரியாகப் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

பேசிக்கொண்டே ஓட்டுங்கள். "பள்ளம்!", "மாடு!", "எதிர்ல வண்டி!" என்று முன்னால் இருப்பவர் கத்த வேண்டும், பின்னால் இருப்பவர்கள் அதைக் கடத்த வேண்டும். "அண்ணே, டியூப் போச்சு" என்று கத்தக் கூச்சப்பட்டு வரிசைக்கு நடுவில் திடீரென நிற்கிற தம்பிகளால் விபத்து வரும்.

பக்கக்காற்றில் கதை வேறு. காற்று வலப்பக்கமிருந்து வந்தால் மறைவு நேர் பின்னால் கிடைக்காது. முன்னவரின் இடது பின்புறம்தான் கிடைக்கும். எல்லோரும் அப்படிச் சாய்வாக விரிந்துகொண்டே போனால் தார் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பவர்கள் சாலை ஓரத்தில் ஒற்றை வரிசையாக, மறைவே இல்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். கூட்டம் உடைவது அங்கேதான். ஆகவே சாலை திரும்பிக் காற்று பக்கவாட்டுக்கு வருவதற்கு முன்பே முதல் பத்துப் பேருக்குள் வந்துவிடுங்கள். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் மறைவு வலப்பக்கம், அதாவது சாலையின் நடுப்பக்கம். வாகனம் ஓடும் சாலையில் அப்படி நடுப்பக்கம் விரிந்துகொண்டே போகக் கூடாது. இரண்டு பேர் அகலத்துக்கு மேல் போகாமல், மீதிக் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

படி 5: எட்டு வாரம்

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் மூன்று நாள் போதும். செவ்வாய்க்கிழமை கடுமை: 15 நிமிடம் சூடேற்றிவிட்டு, பேச முடியாத வேகத்தில் 4 நிமிடம், 4 நிமிடம் ஆசுவாசம், இப்படி நான்கு முறை. ஐந்தாவது வாரத்திலிருந்து 1 நிமிட வெடிப்புகளைச் சேருங்கள். ரேஸில் யாராவது பாய்ந்தால் அதே அளவுதான் தேவைப்படும். வியாழன் ஒரு மணி நேரம் இலகுவான கியரில், நிமிடத்துக்கு 85–90 சுற்று. ஞாயிறு கூட்டத்தோடு 60 முதல் 80 கி.மீ. கடைசி வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். அந்த வாரம் கூடுதலாக ஓட்டிப் புதிய பலம் எதுவும் வரப்போவதில்லை.

மணி ஐந்துக்குக் கிளம்பினால் முன்னும் பின்னும் விளக்கு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

படி 6: பந்தய நாள்

கிளம்புவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். நான்கு இட்லி, சர்க்கரை போட்டு. சாம்பாரும் சட்னியும் திரும்பி வந்தபின் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பந்தயம் என்றால் மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து வேண்டும்: இரண்டு பூவம்பழம், ஒரு துண்டு கடலைமிட்டாய். நம் வெயிலுக்கு மணிக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் குறைந்தபட்சம். அதில் உப்பும் எலுமிச்சையும் சேருங்கள். புதிதாக எதையும் அன்று முயன்று பார்க்காதீர்கள், எனர்ஜி ஜெல் உட்பட.

நம்பர் துணியை நான்கு மூலையிலும் பின் குத்துங்கள், படபடவென்று அடிக்கக் கூடாது. நடத்துபவர்கள் சொல்வதைக் கேளுங்கள்: திருப்பம் எங்கே, எத்தனை சுற்று, சாலையை மூடியிருக்கிறார்களா இல்லையா. மூடாத சாலை என்றால் நடுக்கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கம் செய்வார்கள், அது நியாயம்தான். சட்டைப் பையில் போன், அடையாள அட்டை. கூட வந்தவரிடம் 108ஐ அழைக்கவேண்டிய நிலைமை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் பயத்தில் வேகமாகப் போவார்கள். பதறாமல் வரிசையில் முன்பாதியில் இருங்கள். திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் முன்னால் நின்று காற்று வாங்குபவர் பெரும்பாலும் ஜெயிப்பதில்லை; நான்காவது, ஐந்தாவது இடத்தில் ஒண்டி வந்து, 200 மீட்டர் மிச்சமிருக்கும்போது எழுந்து மிதிப்பவருக்கே வாய்ப்பு. எதிர்காற்றாக இருந்தால் இன்னும் தாமதியுங்கள். கோட்டைத் தாண்டியதும் கையை விட்டுக் கொண்டாட வேண்டாம், பிரேக்கும் பிடிக்க வேண்டாம். பின்னால் ஆள் வருகிறார்கள்.

முதல் பந்தயத்தில் கூட்டத்திலிருந்து கழன்றுவிட வாய்ப்பு அதிகம். கழன்றால் தனியாக மாரடிக்காதீர்கள். பின்னால் உங்களைப் போலவே கழன்ற இரண்டு மூன்று பேர் வந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகச் சற்று மெதுவாகி, சேர்ந்து, முறை வைத்து இழுத்து முடியுங்கள். எந்த இடத்தில் விட்டீர்கள், அப்போது காற்று எந்தப் பக்கம், நீங்கள் எத்தனையாவது ஆள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு அதேபோன்ற திசையில் போகும் சாலைக்குக் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போக அது உதவும்.