லேன் போர்ட் மட்டும் உள்ள கருவியை வைஃபையில் சேர்ப்பது எப்படி?

கீழே ஹாலில் ஃபைபர் மோடம், மாடி அறையில் சிசிடிவி டிவிஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி), இரண்டுக்கும் நடுவில் கான்கிரீட் தளம். டிவிஆரின் பின்புறம் லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) மட்டும்தான் இருக்கிறது, வைஃபை இல்லை. கேபிள் இழுக்க வழி இருந்தால் யோசிக்காமல் இழுத்துவிடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் வைஃபை பிரிட்ஜ் கைகொடுக்கும். மோடத்தின் வைஃபையை வாங்கி, தன் லேன் போர்ட் வழியாகக் கருவிக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. பழைய லேசர் பிரிண்டர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றுக்கும் இதே முறைதான். மேசைக் கணினி ஒன்றுதான் என்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். ஆனால் அதே டாங்கிளை டிவிஆரிலோ பிரிண்டரிலோ செருகினால் பெரும்பாலும் வேலை செய்யாது, அதற்கான டிரைவர் அவற்றுக்குள் இருக்காது.

பெட்டிக்கு மூன்று வழிகள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்802என் போல கிளையண்ட் மோடு (இன்னொரு வைஃபையில் தானே போய்ச் சேரும் முறை) உள்ள குட்டி ரவுட்டர். லேன் போர்ட் உள்ள ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், அதாவது வைஃபை எட்டும் தூரத்தைக் கூட்டும் பெட்டி. வாங்குமுன் போர்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், விலை குறைந்த சிலவற்றில் இருக்காது. அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர், அதன் மெனுவில் கிளையண்ட், பிரிட்ஜ், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இவற்றில் ஏதாவது ஒரு மோடு இருந்தால். வேகத்துக்குக் கவலை வேண்டாம்: 1080பி கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் நான்கு கேமராவுக்கு 16தான். 100 எம்பிபிஎஸ் போர்ட் தாராளம். கணினியில் பெரிய ஃபைல்களை அனுப்புவதாக இருந்தால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உள்ளதாக, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ளதாகத் தேடுங்கள்.

அமைக்கும்போது பெட்டியை மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைக் கேபிளால் பெட்டியோடு இணைத்து, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பெட்டியின் அமைப்புப் பக்கம் என்று நினைத்து மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள், இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்தால் இது எளிதில் நடக்கலாம். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரௌசரில் அடித்து நுழைந்து மோடைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மெனுவில் டபிள்யூஐஎஸ்பி (WISP) என்றும் ஒரு மோடு இருக்கலாம். அதைப் போட்டாலும் இணையம் வரும், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் பெட்டி தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்றைக் கட்டிவிடும். கீழே இருக்கும் லேப்டாப்புக்கு மாடியில் உள்ள பிரிண்டர் தெரியாது, டிவிஆரின் உள்முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் அதற்குள்ள ஐபி எண்ணை) அடித்தால் திறக்காது. கிளையண்ட், பிரிட்ஜ், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் இவற்றில் ஒன்றுதான் வேண்டும்.

அடுத்து வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது. உங்கள் வைஃபை பெயர் பட்டியலிலேயே வரவில்லையா? மோடம் 12 அல்லது 13-ஆம் சேனலில் ஓடுகிறதா பாருங்கள், சில பெட்டிகள் 11-உடன் நின்றுவிடும். மோடத்தில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய பெட்டி சேராது. கடைசியாகப் பெட்டியின் டிஎச்சிபி-யை (கருவிகளுக்குத் தானாக முகவரி பங்கிடும் வசதி) அணைத்து, அதற்கு 192.168.1.250 போல மோடம் பங்கிடும் வரிசைக்கு வெளியே ஒரு முகவரி கொடுங்கள்.

இனி பெட்டியை எங்கே வைப்பது? டிவிஆருக்குப் பக்கத்தில் அல்ல, சிக்னல் நன்றாக வரும் இடத்தில். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். மாடிப்படி முடியும் இடத்தில் பெட்டியை வைத்து, அங்கிருந்து 10 மீட்டர் கேட்6 கேபிளைச் சுவரோரமாக ஓட்டினால் போதும். செல்போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து நடந்து பாருங்கள். சிக்னல் அளவு மைனஸ் 60 டிபிஎம் என்றால் நல்லது, மைனஸ் 70 எல்லை, அதற்கும் கீழே போனால் படம் திக்கும். 10 எண் குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர் நிறைந்த சின்டெக்ஸ் தொட்டி மூன்றும் வழியில் குறுக்கிடக் கூடாது. வைத்த பிறகு, பெட்டியில் செருகிய லேப்டாப்பிலிருந்து மோடத்துக்கு ஐந்து நிமிடம் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். 2 முதல் 5 மில்லி செகண்டில் சீராக வந்தால் சரி. திடீர் திடீரென்று நூறைத் தாண்டினால் பெட்டியை ஓரடி நகர்த்திப் பாருங்கள்; பல நேரம் அதுவே போதும்.

மோடத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலில் டிவிஆரும் பெட்டியும் ஒரே மேக் முகவரியில் (கருவியோடு வரும் அடையாள எண்) தெரிந்தால் பயப்பட வேண்டாம். வைஃபையில் பதிவு செய்துகொண்ட கருவியின் முகவரியை மட்டுமே மோடம் ஏற்கும், அதனால் பெட்டி தன் முகவரியைப் போட்டு அனுப்புகிறது. இதன் விளைவு, டிவிஆரின் மேக்கை வைத்து மோடத்தில் ஐபி ஒதுக்கினால் பலிக்காமல் போகலாம். டிவிஆருக்குள்ளேயே நிலையாகப் போட்டுவிடுங்கள்: ஐபி 192.168.1.240, சப்நெட் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. கரண்ட் போய் வரும்போதும் இது காப்பாற்றும். மோடம் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நிலையான ஐபி இல்லாவிட்டால், அதற்குள் விழித்த டிவிஆர் மோடத்திடம் ஐபி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் உதவாத முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். மோடத்தை இன்வெர்ட்டரில் வைத்திருந்தால் பெட்டியையும் அதிலேயே வையுங்கள்.

அடாப்டரில் கவனம். 5, 9, 12 வோல்ட் அடாப்டர்கள் பலவற்றுக்கும் ஒரே உருண்டைப் பின்தான். டிவிஆரின் 12 வோல்ட்டை 9 வோல்ட் பெட்டியில் செருகினால் பெட்டி புகைந்துவிடலாம். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவையுங்கள்.

கருவிகள் பல இருந்தால் பெட்டியோடு 5 போர்ட் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிப்பது) ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் அந்த ஸ்விட்சுக்கு மோடத்திலிருந்து இன்னொரு கேபிளும் வரக் கூடாது. வைஃபை வழியும் கேபிள் வழியும் வளையமாகி, வீட்டு நெட்வொர்க் மொத்தமும் உறைந்துவிடும்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் பெட்டியிலும் மாற்ற வேண்டும். அதனால் 192.168.1.250 என்பதையும் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவிடுங்கள்.