பல வருடம் கழித்து மறுபடி கணக்கு வேலைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸிலோ மில்லிலோ நாலைந்து வருடம் கணக்கு பார்த்துவிட்டு, முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் கோவை, திருப்பூர் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பிள்ளைகள் ஆறாவது, ஏழாவது போனதும் மறுபடி வேலைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. உடனே வரும் பயம், "பத்து வருஷ கேப்பை யார் ஒத்துக்கொள்வார்கள்?" என்பது. கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கேப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் முதலாளிகள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண்ணெதிரே கைநழுவிய வேலைகளில் பெரும்பாலானவை, வந்தவர் முன்னாடியே சரிசெய்திருக்கக்கூடிய சின்னச் சின்ன விஷயங்களால் போனவைதான்.

"இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சிலர் "வீட்டுல சும்மாதான் சார் இருந்தேன்" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் மாமியாரின் ஆபரேஷன், மகனின் வீசிங், கணவரின் டிரான்ஸ்ஃபர் என்று கால் மணி நேரம் கதை சொல்கிறார்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது, இப்போது முழு நேரம் வர முடியுமா, கையில் வேலை இருக்கிறதா என்பதுதான். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 2016-ல் வேலையை விட்டேன். இப்போது இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள், முழு நேரம் வர முடியும். ஆறு மாதமாக ஜிஎஸ்டி வேலை பழகியிருக்கிறேன்." இவ்வளவு போதும். நீங்கள் நிறுத்திவிட்டால் அவர்களும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பயோடேட்டாவில் அந்த வருடங்களுக்கு "ஹோம் மேனேஜர்" என்று போடச் சொல்லி இணையத்தில் நிறைய அறிவுரை கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிப்பவருக்குச் சிரிப்புதான் வரும். குடும்பக் காரணமாக இடைவெளி என்று ஒரு வரி நேராக எழுதுங்கள். லிங்க்ட்இன்னில்கூட இடைவேளை என்று தனியாகக் காட்ட 2022 முதல் வழி இருக்கிறது. ஆனால் மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் பேரேட்டை எழுதியிருந்தாலோ, அபார்ட்மென்ட் சங்கத்தின் வரவு செலவைப் பார்த்திருந்தாலோ, கணவர் கடையின் பில்களை டேலி சாஃப்ட்வேரில் ஏற்றியிருந்தாலோ அதைக் கட்டாயம் எழுதுங்கள். அது கணக்கு வேலையேதான். பலர் அதை வேலையாகவே நினைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தெரிந்தவர் கம்பெனியில் இருந்ததாகப் பொய் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கி இடைவெளியை மூடுவது மட்டும் வேண்டாம். எந்த மாதம் எங்கே சேர்ந்தீர்கள், எந்த மாதம் விட்டீர்கள் என்பது பிஎஃப் பதிவில் அப்படியே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் கம்பெனிகள் பல.

சான்றிதழ் கட்டு

வேலை தேடத் தொடங்கியதும் முதலில் செய்வது, ஏதாவது இன்ஸ்டிட்யூட்டில் பணம் கட்டுவது. மூன்று மாத டேலி, அப்புறம் அட்வான்ஸ்டு எக்செல், அப்புறம் ஸ்போக்கன் இங்கிலீஷ். இண்டர்வியூவில் ஒரு பர்ச்சேஸ் பில்லைக் கையில் கொடுத்து "இதுக்கு ஐடிசி எடுக்கலாமா?" என்று, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பதில் வராது.

2016-ல் விட்டவருக்குத் தெரிந்தது வாட், சர்வீஸ் டேக்ஸ், சென்ட்ரல் எக்ஸைஸ். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அவை பெரும்பாலும் போய்விட்டன. 2018-ல் சரக்கு அனுப்ப இ-வே பில் வந்தது. 2020 கடைசியில் டேலி ஈஆர்பி 9 போய் டேலிபிரைம் வந்தது. வலது பக்கம் பட்டன் தேடிய கை, வேண்டியதைத் தேடித் திறக்க இப்போது ஆல்ட்+ஜி அழுத்தப் பழக வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல், 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் வேறு வியாபாரிகளுக்குப் போடும் பில், அரசு போர்ட்டலில் பதிந்த இ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத வரிகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5, 18-க்கு மாறின.

பட்டியலைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. 1961-ம் வருட வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, 2025-ம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 194சி, 194ஜே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிரிவு எண்களே மாறிவிட்டன. இருபது வருட சீனியரும் அதைப் புதிதாகத்தான் படிக்கிறார். அந்த ஒரு பகுதியை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போனால் உங்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பழக ஒரு வழி சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் ஹார்டுவேர் கடையோ நூல் கடையோ இருந்தால், ஒரு மாத பில்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். டேலிபிரைமை எஜுகேஷனல் மோடில் பணம் கட்டாமலே திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும், பழகுவதற்கு அது போதும். பர்ச்சேஸ் முழுவதையும் ஏற்றிவிட்டு, சப்ளையர்கள் அவர் பெயரில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யைக் கடைக்காரரிடம் வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சப்ளையர் தன் ரிட்டர்னைப் போடாத பில் அதில் வராது. ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து மாறிய பில்லும் வராது. வராததற்கு ஐடிசி எடுக்க முடியாது, சப்ளையருக்குப் போன் போட வேண்டும். விடுபட்ட பில்கள் ஏன் விடுபட்டன என்று உங்களால் சொல்ல முடிந்துவிட்டால், சான்றிதழ் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு இண்டர்வியூவுக்குப் போகலாம்.

இனிஷியலும் பிஎஃப்பும்

வேலை கிடைத்த பிறகு பெண்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கல்யாணத்துக்கு முன் சேர்ந்த பிஎஃப்பில் அப்பா இனிஷியல். பிறகு திருத்திய ஆதாரில் கணவர் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழு நீளத்துக்கு விரிந்திருக்கும். பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. யுஏஎன்னில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) பதிந்த மொபைல் நம்பரோ எப்போதோ மாறியிருக்கும். புதுக் கம்பெனி எச்ஆர் யுஏஎன் கேட்கும்போது எதுவுமே பொருந்தாது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆதார் என்பதால், ஆதாரில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதையெல்லாம் அதற்கு மாற்றுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், வேலை தேடத் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். பழைய கம்பெனி நீங்கள் விட்ட தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், யுஏஎன் போர்ட்டலில் நீங்களே பதிய 2020 முதல் வசதி இருக்கிறது. யுஏஎன் வந்ததே 2014-ல்தான். அதற்கு முன்பே வேலையை விட்டவர்கள் பீரோவில் பழைய சம்பளச் சீட்டைத் தேடி பிஎஃப் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பழைய பணத்தை "எப்படியும் கிடக்கிறதுதானே" என்று இப்போது எடுத்துவிடாதீர்கள். வேலையை விட்டு மூன்று வருடமானால் வட்டி நின்றுவிடும் என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். 2016-ல் விதி மாறிவிட்டது, வட்டி சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வேலையில் இல்லாத காலத்து வட்டிக்கு வருமான வரி உண்டு என்பது வேறு விஷயம். அதைவிட முக்கியம் பென்ஷன் கணக்கு. பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். முன்பு ஆறு வருடம் வேலை பார்த்திருந்தால் இன்னும் நாலு வருடத்தில் தகுதி வந்துவிடும். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆறு வருடம் போச்சு, பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கணக்கு அல்லாத வேலைக்குப் போகிறவர்களும் இப்படிப் பழைய காகிதங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்ச்சிச் சான்றிதழுக்கு ஏழு வருடம்தான் ஆயுள் என்று தூக்கிப்போட்ட ஆசிரியைகள் இருக்கிறார்கள். 2021-ல் அதை ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள், 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் சேர்த்து.

மாதத்தின் நாலு தேதிகள்

"வீட்டை எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சேர்ந்துவிட்டு இரண்டாவது மாதமே திணறுகிறார்கள். கணக்கு வேலையில் நெருக்கடி எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11 விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20 வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த நாட்களை ஒட்டி ஆறு மணிக்குக் கிளம்ப முடியாது. மாதாமாதம் வரப்போகும் இந்தத் தேதிகளை வீட்டு காலண்டரில் வட்டமிட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு யார், டியூஷனிலிருந்து கூட்டி வருவது யார் என்று சேர்வதற்கு முன்பே பேசுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் லீவு போடுவது என்பதையும் சேர்த்து. காய்ச்சல் அன்று காலையில் அதைப் பேச ஆரம்பித்தால் முடிவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் முதல் நம்பராக யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களுடையதுதான். கணவர் நம்பரை முதலில் மாற்றிக் கொடுங்கள், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அவரைச் சேருங்கள். சின்ன வேலைதான். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு "உங்க பையன் வாந்தி எடுத்தான்" என்று வரும் போன் யாருக்கு வருகிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சின்னக் குழந்தை இருந்தால், காப்பகம் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017-ல் சட்டமானது. சலுகை கேட்பது போல் கூச வேண்டியதில்லை.

சம்பளமும் டெபாசிட்டும்

"நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்று சொன்னால் பார்த்துக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். இப்போது அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வேலையில் இருக்கும் இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டு ஒரு தொகையைச் சொல்லுங்கள். காப்பகச் செலவை அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, "மிச்சம் ஒண்ணும் நிக்கலையே, எதுக்கு வேலை?" என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. குழந்தை இருவருக்கும் பிறந்தது, கழித்தால் இருவர் சம்பளத்திலும் கழிக்க வேண்டும். அதோடு பிஎஃப்பும் இரண்டு வருடம் கழித்து வரும் சம்பளமும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ரெஜிஸ்ட்ரேஷன் பணம் கேட்டாலே விலகிவிடுங்கள். பணம் வாங்காமலும் ஏமாற்றுகிறார்கள். வேலையைக் கொடுத்துவிட்டு, தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பிப் பணம் பிடுங்குவார்கள். பயந்து கட்டாதீர்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சேர்ந்த பிறகு

பக்கத்து சீட்டில் 25 வயதுப் பெண் சீனியராக இருப்பாள். அவளிடம் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு ஒரு தொகையைப் போட்டுவிடுவார்கள். ஜிஎஸ்டிஆர்-3பி-யை ஒரு தடவை ஃபைல் செய்துவிட்டால் திருத்த வழியில்லை, அடுத்த மாத ரிட்டர்னில்தான் சரிக்கட்ட வேண்டும். வரி குறைவாகக் கட்டியிருந்தால் வட்டியும் சேரும். முதலாளிக்கு அதைத்தான் விளக்க வேண்டி வரும், 19-ம் தேதி சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் கேட்ட சந்தேகத்தை யாரும் விளக்கச் சொல்லப்போவதில்லை.