ஸ்கூபா பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

மலேசியாவில், ஜோகூரின் குளுவாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. மெர்சிங் படகுத்துறை வரை காரில் போய்ப் படகேறினால் தியோமான் தீவு. அங்கே ஸ்கூபா (காற்று உருளையோடு கடலில் முக்குளிப்பது) கற்க ஆசைப்படுகிறவர்கள் கட்டணம், விடுதி எல்லாம் விசாரிக்கிறார்கள். பயிற்சிக்கு முன் நிரப்பித் தர வேண்டிய மருத்துவப் பாரத்தை (உடல்நலக் கேள்விப் படிவத்தை) மட்டும் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

பணம் கட்டியாகிவிட்டது, படகும் நிற்கிறது. அந்த நேரத்தில் பாரத்தை நீட்டினால் கை தானாகவே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடும். ‘ஆம்’ போட்டால் கையெழுத்து வைக்க அங்கே டாக்டருக்கு எங்கே போவது? அதனால் பாரத்தை இணையத்தில் இறக்கி, வீட்டில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். சின்ன வயதில் உங்களுக்கு மூச்சிழுப்பு இருந்ததும், காதில் சீழ் வந்ததும் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

முதல் பக்கத்தில் 10 கேள்விகள். உடற்பயிற்சி செய்யச் சிரமம், கடந்த 12 மாதத்தில் அறுவை சிகிச்சை, டாக்டர் எழுதித் தந்த மருந்து: இந்த மூன்றில் எதற்கு ‘ஆம்’ என்றாலும் நேரே டாக்டரிடம் போக வேண்டும். மற்றவற்றுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் கூடுதல் கேள்விகள் உண்டு. அங்கே எல்லாமே ‘இல்லை’ என்றால் உங்கள் கையெழுத்தே போதும். 45 வயதைத் தாண்டியவர் எல்லாருமே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது தவறான எண்ணம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

ஆஸ்துமாவை மறைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சு விட்டுக்கொண்டே ஏறினால் அது வெளியேறிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் காற்று உள்ளேயே சிக்கி நுரையீரலைக் கிழிக்கலாம். ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போகலாம். இதற்கு ஆழ்கடல்கூடத் தேவையில்லை, நீச்சல் குளமே போதும். ஆஸ்துமா என்றாலே அனுமதி கிடையாது என்றும் சொல்ல முடியாது. கட்டுக்குள் இருக்கிறதா என்று டாக்டர் மூச்சுப் பரிசோதனை செய்து முடிவெடுப்பார். மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

நம் வீடுகளில் இனிப்பு நீர் (நீரிழிவு) சகஜம். பாரத்துக்காக ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு ‘மருந்து சாப்பிடவில்லை’ என்று எழுதுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். நீரிழிவைப் பற்றித் தனிக் கேள்வியே இருக்கிறது. தண்ணீருக்கடியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயிலிருக்கும் மூச்சுக்குழல் நழுவிவிடும்.

கிளினிக்கில் ‘உடல்நலம் நன்று’ என்று பொதுவாக ஒரு கடிதம் வாங்கிப் போவதும் வீண். டாக்டர் கையெழுத்து பாரத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் வேண்டும். மூன்று பக்கங்களையும் கொண்டு போங்கள். ஸ்கூபா பற்றித் தெரியாத டாக்டர் தயங்கினால் கோபப்படாதீர்கள். அவர் பொறுப்போடு நடக்கிறார். டாக்டர்களுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் அச்செடுத்துக் கொடுங்கள். இதயம், நுரையீரல் சம்பந்தப்பட்டதென்றால் முக்குளிப்பு மருத்துவம் தெரிந்தவரைத் தேடுவது நல்லது.

கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், முக்குளிக்கக் கூடாது.

கையெழுத்து வாங்கிய பிறகு சளி பிடித்தால், மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். கீழே இருக்கும்போதே அதன் வேகம் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காதில் காற்று அடைபட்டு வலி உயிரை எடுக்கும். பயிற்றுநரிடம் சொல்லி நாளைத் தள்ளிப் போடுங்கள்.

கிழக்குக்கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம். பல விடுதிகள் மூடியிருக்கும். மார்ச்சில் போக நினைப்பவர்கள் ஜனவரியிலேயே பாரத்தை நிரப்பிவிட்டால், எக்ஸ்ரேயோ மூச்சுப் பரிசோதனையோ தேவைப்பட்டாலும் நாள் இருக்கும்.