பேவர் பிளாக் இடுக்கில் களை: மலை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் வீட்டைச் சுற்றி பேவர் பிளாக் போட்ட பலருக்கும் ஒன்றிரண்டு மழைக்காலம் தாண்டியதும் இதே கவலைதான்: கல் போட்ட இடமெல்லாம் பச்சை. "அடியில பிளாஸ்டிக் ஷீட் போடாம விட்டுட்டாங்க" என்று வேலை செய்தவரைக் குறை சொல்வார்கள். பாதித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்தே தொடங்குகின்றன. இடுக்கில் முளைப்பதில் பெரும்பகுதி மேலிருந்து வருவது. கற்பூர மரத்து இலை, சில்வர் ஓக் சருகு, தூசி எல்லாம் இடுக்கில் விழுந்து, மழையிலும் பனியிலும் ஊறி மக்கிப்போகும். காற்றில் வரும் விதைக்கு அது போதும். பழைய ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டுக் கிளறிப் பாருங்கள். நறநறவென்று மணல் வந்தால் கவலையில்லை. கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால், அது நாற்றங்கால் மாதிரி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சரிவான இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் கெடுதலும்கூட. தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் ஷீட்டின் மேலேயே ஓடி, கல்லுக்கு அடியில் இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். கல் அங்கங்கே உள்வாங்கிவிடும்.

எல்லாக் களையையும் ஒரே மாதிரி பிடுங்குவது அடுத்த தவறு. புளியாரையை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பூ பூக்கிற சின்ன வகையில் காய் முற்றிவிட்டால், கை பட்டதும் வெடித்து விதை நாலாபக்கமும் தெறிக்கும். அதைக் காய் பிடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். ரோஸ் நிறப் பூ பூக்கும் பெரிய இலை வகை வேறு. அதன் அடியில் குட்டிக் குட்டிக் கிழங்குகள் இருக்கும். இலையைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். கத்தி நுனியால் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுங்கள். எடுத்ததை எருக்குழியில் போடாதீர்கள், அந்தக் கிழங்கெல்லாம் எருவோடு சேர்ந்து காய்கறிப் பாத்திக்குப் போய்விடும்.

கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியிலிருந்து வந்து நம் மலையெங்கும் பரவிவிட்ட கிக்குயு புல், பக்கத்துப் புல்தரையிலிருந்து கல்லுக்கு அடியில் நிஜமாகவே ஊர்ந்து வரும். இடுக்கில் தெரியும் நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தால் அதற்கு முடிவே இல்லை. புல்தரைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு இடம் விட்டு, அந்த ஓரத்தை மண்வெட்டியால் அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

உப்பைத் தூவுவது பலர் சொல்லும் யோசனை. தயவுசெய்து வேண்டாம். இங்கே பெய்யும் மழையில் உப்பு ஓரிடத்தில் நிற்காது. கரைந்து ஓரத்துச் செடிகளின் வேருக்குப் போகும், இரும்பு கேட்டைத் துருப்பிடிக்க வைக்கும், கல்லிலும் வெள்ளை பூக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் கல்லில் உள்ள சிமெண்டையே அரித்துவிடும். பாசிக்காக பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. வினிகர் இலையைக் கருக்கும், வேரை ஒன்றும் செய்யாது. இளம் முளைகளுக்குக் கொதிக்கும் வெந்நீரே போதும்.

களைக்கொல்லி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிளைபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு வெளியிட்டது. அந்த உத்தரவு இல்லாவிட்டாலும் முற்றத்தில் களைக்கொல்லி அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கல் தரை மருந்தை மண் போல உறிஞ்சாது. அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மருந்து சரிவில் இறங்கி, கீழ்வீட்டுக்காரரின் கேரட் பாத்திக்கோ ஓடைக்கோ போய்ச் சேரும். மலையில் நம் முற்றத்துத் தண்ணீர் யாரோ ஒருவருடைய குடிதண்ணீராகவும் இருக்கலாம்.

பிரஷர் வாஷர் அடித்தால் பார்க்கப் புதுக் கல் போல இருக்கும். ஆனால் களையோடு இடுக்கு மணலும் பறந்துவிடும். அப்படியே விட்டால் காலி இடுக்கில் மறுபடி மண் சேரும், களையும் திரும்பி வரும். கல்லும் ஆட ஆரம்பிக்கும். சிலர் எரிச்சலில் இடுக்கை சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். அது சீக்கிரம் விரிசல் விடும். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காமல் மொத்தமாகச் சரிவில் பாயும். தடுப்புச் சுவர் உள்ள வீடுகளில் இதை யோசிக்கவே கூடாது.

களையெடுத்தபின் இடுக்கை மணலால் நிரப்புவதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள். தூள் இல்லாமல் கழுவிய மெல்லிய மணலைச் சலித்து, நன்றாகக் காயவைத்து, கல்லின் மேல் கொட்டி விளக்குமாற்றால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளுங்கள். ஈர மணல் இறங்காது, மேலே மட்டும் அடைத்துக்கொண்டு உள்ளே வெற்றிடம் விடும். அதனால் மூடுபனி நாளில் இந்த வேலை ஆகாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக இருக்கும் என்பதால் ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை சரியான காலம். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தென்மேற்கு மழை தொடங்கும் ஜூனுக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மணல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இடங்களில் மட்டும் இன்னொரு முறை தள்ளிவிடுங்கள். அதன்பிறகு சருகை வாரம் ஒருமுறை கூட்டி எடுத்தால் போதும்.