தர்மாஸ்பத்திரியின் வரவு செலவு: உங்கள் ஊர் மருத்துவமனையின் பழைய வரலாற்றைத் தேடும் முறை

தமிழ்நாட்டின் தாலுகா தலைநகரங்கள் பலவற்றில், புதிய கட்டடங்களுக்குப் பின்னால், சுண்ணாம்புக் காரையில் கட்டிய தாழ்வாரமும் உயரமான சன்னல்களும் கொண்ட ஒரு பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அதைத் தர்மாஸ்பத்திரி என்பார்கள். சிலர் வெள்ளைக்காரன் கட்டியது என்பார்கள். இந்த இரண்டு சொற்களும் எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆவணங்களைக் கொண்டு அறிய விரும்புவோருக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். பழைய சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை, தேடும் வழி தெரிந்தால் ஒரு சிற்றூர் மருந்தகத்தைப் பற்றிக்கூட வியக்கத்தக்க அளவுக்குச் செய்தி கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பு, உங்கள் ஊர் அந்தக் காலத்தில் யார் ஆட்சியில் இருந்தது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். நாகர்கோவிலும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர் வழிவந்த பகுதிகளாக இருந்தமையால், அவற்றின் மருத்துவமனை ஆவணங்களைச் சென்னையில் தேடுவதைவிடத் திருவனந்தபுரத்தில் தேடுவதே பயன் தரும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பற்றிய 1910-க்கு முந்தைய செய்திகள் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் இருக்கும். அந்த ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்த பிறகு அங்கே இடம் மாறும். இதைக் கவனிக்காமல், ஆவணமே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த தடை. தின்னவேலி, டிரிச்சினாப்பள்ளி, டாஞ்சூர், கஞ்சீவரம், நெகபட்டம், மாயவரம், டூட்டிகொரின் என்று அன்றைய அதிகாரிகள் எழுதிய வடிவங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அகரவரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் பெயருக்கும் இது பொருந்தும். சென்னையில் மக்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்தது, 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்து, 1910-இல் அரசின் கைக்கு வந்து, 1930-களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற மருத்துவமனையே. திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கான திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை; மதுரையின் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி இன்று ராஜாஜி மருத்துவமனை. ஆகவே உங்கள் ஊர் மருத்துவமனையின் பழைய பெயர், மக்கள் வழங்கிய பெயர், இப்போதைய பெயர் மூன்றையும் சேகரித்த பின்பே ஆவணக் காப்பகத்தின் படியேறுங்கள்.

அந்தப் பெயர்களைச் சேகரிக்கக் கட்டடமே நல்ல இடம். அடிக்கல், வார்டு வாசலில் பதித்த பளிங்குப் பலகை, கிணற்றுச் சுவர் எழுத்து, நோயாளியுடன் வந்தவர்கள் தங்கக் கட்டிய சத்திரத்தின் முகப்பு ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடித்து மறைந்த எழுத்துகள் சாய்ந்த மாலை வெயிலில் தெளிவாகத் தெரியும். தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையின் பெயரிலேயே நிலவுடைமையாளர்களின் பங்கு நிலைத்திருப்பதைப் போல, சிறிய ஊர்களில் ஒரு செட்டியார், ஒரு ஜமீன்தார், ஒரு மரக்காயர் வணிகர் ஆகியோரின் கொடைகள் ஒரு கல்லில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும்.

பிறகு அச்சு நூல்களுக்கு வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மாவட்டக் கையேடுகளிலும், தமிழ் மாவட்டங்களுக்கு 1906 முதல் வெளிவந்த மாவட்டக் கெசட்டியர்கள் என்னும் அரசு விவரத் தொகுப்புகளிலும் மருத்துவ நிலையங்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. கெசட்டியரில் பொதுச் சுகாதாரம் பற்றிய இயலைப் படித்து, அதன் புள்ளிவிவரப் பின்னிணைப்பையும் மறக்காமல் பார்க்க வேண்டும். தொடங்கிய ஆண்டு, படுக்கைகளின் எண்ணிக்கை போன்ற எலும்புக்கூடு அங்கே கிடைத்துவிடும். அதற்கு மேல் அந்நூல்களிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான புதையல் மருத்துவத் துறையின் ஆண்டறிக்கைகள்தாம். மாகாணத்தின் மருத்துவமனைகளையும் மருந்தகங்களையும் பற்றி, மாகாண மருத்துவத் துறைத் தலைவரான சர்ஜன் ஜெனரலின் அலுவலகம் ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்பிய அறிக்கையும் அதன் நீண்ட அட்டவணைகளும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் தேடத்தக்கவை. பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ அறிக்கைகளைப் பெருமளவில் மின்னுருவாக்கி இலவசமாக வைத்திருக்கும் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தொகுப்பையும் வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். அட்டவணையில் உங்கள் ஊரைக் கண்டதும் முதலில் அதன் வகுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு நேரடியாக நடத்திய பொது மருத்துவமனைகள் ஒரு வகுப்பு. காவல்துறை போன்ற தனிப்பிரிவுகளுக்கானவை இன்னொரு வகுப்பு. உள்ளாட்சி, நகராட்சி நிதியில் நடந்தவை மூன்றாவது வகுப்பு. அரசு மானியம் பெற்ற தனியார் நிலையங்கள், பெறாதவை, ரயில்வேயுடையவை என்று பட்டியல் மேலும் நீளும்.

உங்கள் ஊர் மருந்தகம் மூன்றாவது வகுப்பில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. இதன் பொருளை உணர்ந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 1871-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், நிலத்தின் வாடகை மதிப்பில் ரூபாய்க்கு ஓரணாவுக்கு, அதாவது பதினாறில் ஒரு பங்குக்கு, மேற்படாத மேல்வரியை விதிக்க வழி செய்தது. அதே ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் நகரங்களில் வரி விதிக்க வழி வகுத்தது. 1884-இல் இவ்விரண்டுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்து ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் நகராட்சிகளும் மருந்தகங்களை நடத்தும் சுமையை ஏற்றன. லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். ஆகவே அட்டவணையில் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் போகும் முன்பு வரவுப் பத்தியைப் படியுங்கள். மாகாண அரசு கொடுத்தது எவ்வளவு, உள்ளாட்சி நிதியிலிருந்து வந்தது எவ்வளவு, ஐரோப்பியர் சந்தா எவ்வளவு, இந்தியர் சந்தா எவ்வளவு, கொடையாக வைத்த முதலின் வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளின் வரவைத் தொடர்ந்து எழுதினால், அந்த மருந்தகம் யார் பணத்தில் மூச்சுவிட்டது என்பது கண்முன் நிற்கும். ஏர் பிடித்தவன் நிலத்தின் மீது விழுந்த ஓரணா வரியில் நடந்த ஒரு நிலையத்தைத் தர்மம் என்று அவனுடைய பிள்ளைகளே அழைக்கும்படி ஆனது, என் மனத்தை எப்போதும் உறுத்துகிற செய்தி.

செலவுப் பத்தியும் பேசக்கூடியதே. சிப்பந்திகளின் சம்பளம், உள்நோயாளிகளின் உணவு, ஐரோப்பிய மருந்து, கடைத்தெருவில் வாங்கிய நாட்டுச் சரக்கு, கட்டடப் பழுது ஆகியவை தனித்தனியே காட்டப்பட்டிருந்தால், அந்தந்த ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். உணவுச் செலவு மிகக் குறைவாக இருந்தால் அங்கே படுத்து வைத்தியம் பார்த்தவர்கள் மிகச் சிலரே; அது பெரும்பாலும் மருந்துப் புட்டியை நிரப்பி அனுப்பிய வெளிநோயாளி மருந்தகமாகவே இருந்திருக்கும்.

நோயாளிகளின் எண்ணிக்கையைக் கையாளும்போது நிதானம் தேவை. சிகிச்சை பெற்றோர் என்ற மொத்தத் தொகையை ஊர் மக்கள்தொகையோடு நேராக ஒப்பிடக் கூடாது. சித்திரையில் காய்ச்சலுக்கும் ஐப்பசியில் சிரங்குக்கும் வந்த ஒரே ஆள் அதில் இரண்டாகிவிடக்கூடும். நாள் சராசரி வருகையே ஒப்பிடுவதற்கு ஏற்றது. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம், 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா போன்ற காலங்களின் எண்களை வழக்கமான ஆண்டுகளின் எண்களோடு கலந்து சராசரி எடுத்துவிட வேண்டாம். பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால், ஆண் மருத்துவர் மட்டுமே இருந்த இடத்திற்கு வரப் பெண்கள் தயங்கியதும் ஒரு காரணமா என்று ஆராய வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும், அங்கே பயின்ற மேரி ஷார்லீப் 1885-இல் கோஷா மருத்துவமனையைத் தொடங்கியதும், இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களின் உதவி கிடைக்க அதே ஆண்டில் டஃபரின் நிதி அமைந்ததும் இந்தக் குறையை நிறைக்க எழுந்த முயற்சிகளே. உங்கள் ஊரில் பெண்கள் வார்டோ, பெண் மருத்துவரோ வந்த ஆண்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

அடுத்து அரசாணைகள். மருந்தகம் திறப்பது, மூடுவது, கட்டடத்திற்குப் பணம் ஒதுக்குவது, ஊழியரை மாற்றுவது ஆகியவற்றின் கோப்புகள் எழும்பூர்க் காப்பகத்தில் கிடைக்கக்கூடும். ஆய்வு செய்ய முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். ஆணை எண், தேதி, துறை ஆகிய மூன்றும் இல்லாமல் கோப்பைக் கேட்க முடியாது என்பதால், அந்தந்த ஆண்டின் பொருளடைவுத் தொகுதியிலிருந்து இம்மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி, நகராட்சித் துறையின் மருத்துவப் பிரிவில் தொடங்குவது நல்லது. ஒரு கோப்பில் முந்தைய ஆணைகளின் எண்கள் மேற்கோளாக இருக்கும். அந்த எண்களின் இழையைப் பிடித்துப் பின்னோக்கிச் சென்றால், ஊர் மக்கள் கையெழுத்திட்டு அனுப்பிய மனுவில் போய் நிற்கவும் கூடும். அத்தகைய மனு கிடைத்தால் அதை வரிவிடாமல் படியெடுங்கள். அறிக்கைகளில் எண்ணாக மட்டுமே இருந்த மக்கள் தம் குரலில் பேசுவது அங்கேதான்.

ஊழியர்களைத் தேடும்போது பதவிப் பெயர்கள் குழப்பும். ஹாஸ்பிடல் அசிஸ்டெண்ட் என்று பழைய அறிக்கையில் வருபவர் பிற்கால அறிக்கைகளில் சப் அசிஸ்டெண்ட் சர்ஜன் ஆகிறார். பல சிற்றூர்களில் மருந்தகத்தை நாள்தோறும் நடத்தியவர் இவரே. மாவட்டத்தின் பெரிய டாக்டர் ஆய்வுக்கு வந்து போனவர். கம்பவுண்டர், டிரஸ்ஸர், வார்டுத் தோட்டி ஆகியோரின் பெயர் அச்சில் வருவது அரிது. அவர்களின் குடும்பத்தார் இன்னும் ஊரில் இருந்தால், பழைய நியமனக் கடிதமோ புகைப்படமோ இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள்.

இறுதியாக, மருத்துவமனையிலேயே பழைய பதிவேடுகள் எஞ்சியிருந்தால், பொறுப்பு மருத்துவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பதிவேட்டின் பெயரையும் ஆண்டையும் ஒவ்வொரு கோப்பிலும் குறித்து வையுங்கள். நோயாளிகளின் பெயரையும் நோயையும் சேர்த்து வெளியிட வேண்டாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள். வரவு செலவு அட்டவணையைப் படியெடுத்து ஊர் நூலகத்தில் ஒன்றும் மருத்துவமனை அலுவலகத்தில் ஒன்றும் கொடுத்துவிட்டு, எந்தெந்த ஆண்டுகளின் அறிக்கை கிடைக்கவில்லை என்பதையும் அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்துத் தேட வருபவர் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்.